சுன்னாகத்துக் கிணற்றடி

யாழ்ப்பாணக் குடாநாட்டில் கத்தோலிக்கம் கரையோரமாக வேர்விட்ட மதம். குருநகர், பாசையூர், நாவாந்துறை, ஊர்காவற்றுறை, மாதகல், மயிலிட்டி என்று பங்குகளின் பெயர்களைச் சொல்லிக்கொண்டு போனாலே குடாநாட்டின் கடற்கரையை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடலாம். கரையை விட்டு உள்ளே திரும்பினால் செம்மண், வெங்காயத் தோட்டம், ஆழக் கிணறு, பிள்ளையார் கோயில், வைரவர் கோயில். வலிகாமத்தின் அந்த உள்நிலத்துக்கு நடுவில் இருக்கிறது சுன்னாகம்.

நான் மன்னார்க் கரையில் பிறந்தவன். கோயில் மணிக்கு ஊரே எழும்புகிற இடத்தில் வளர்ந்த எனக்கு, மணியோசை கேட்டும் பெரும்பாலானவர்கள் தங்கள் வேலையைத் தொடர்கிற ஓர் ஊரில் நற்செய்தி என்னவாக இருக்கிறது என்று பார்க்கவேண்டும் என்பது நெடுநாள் ஆசை. குருமடங்களிலும் ஆயர் மன்றங்களிலும் ‘புதிய நற்செய்தி அறிவிப்பு’ பற்றி நிறையப் பேசப்படுகிறது. அந்தப் பேச்சை உரசிப் பார்க்கவேண்டிய கல் கரையில் கிடைக்காது, உள்நிலத்தில்தான் கிடைக்கும் என்று நினைத்துத்தான் புறப்பட்டேன்.

மன்னாரிலிருந்து பூநகரி வழியாக ஏ-32 வீதி. 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பிறகு எங்கள் பக்கத்திலிருந்து யாழ்ப்பாணம் போவது சுகமாகிவிட்டது. யாழ் பஸ் நிலையத்தில் காங்கேசன்துறை பஸ்ஸில் ஏறினால் கொக்குவில், இணுவில், மருதனார்மடம் கடந்து பத்துக் கிலோமீற்றரில் சுன்னாகம் சந்தி. வீதிக்குப் பக்கமாகத் தண்டவாளம் வருகிறது. போரில் காணாமற்போன அந்தப் பாதையில் 2015 ஜனவரியில்தான் காங்கேசன்துறை வரை மறுபடி ரயில் ஓடியது.

சந்தையில் இராசவள்ளிக் கிழங்கும் முருங்கைக்காயும் பரப்பிவைத்திருந்த ஓர் ஆச்சி, என் கையில் இருந்த செபமாலை மோதிரத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டா: “தம்பி வேதக்காரரோ? எங்கையிருந்து வாறியள்?”

“மன்னாரிலையிருந்து, ஆச்சி.”

“மடு மாதாவின்ரை பக்கம். நானும் வந்தனான், சண்டைக்கு முன்னம். இப்ப ஏலாது. செவ்வாயிலை மட்டும் பாசையூர் அந்தோனியாரிட்டைப் போவன். மூத்தவன் வெளிநாட்டுக்குப் போகேக்கை வைச்ச நேத்தி.”

நெற்றியில் திருநீறு. கழுத்தில் தாலிக்கொடி இல்லை, ஒரு கறுப்பு நூல் மட்டும். மதம் மாறச் சொல்லி ஆரும் கேட்டதுண்டோ என்று கேட்டேன்.

“அந்தோனியார் ஒருநாளும் கேக்கேல்லை. வேறை கொஞ்சப் பேர் வீட்டு வாசலிலை வந்து கேட்டவை. தேத்தண்ணி குடுத்து அனுப்பிப்போட்டன்.”

இதைச் சொன்னபோது ஆச்சியின் குரலில் கோபம் இல்லை. ஆனால் அந்த வாசல் இனி எளிதில் திறக்காது என்பது தெரிந்தது. போர் முடிந்த பிறகு வடக்கில் எத்தனையோ குழுக்கள் வேதாகமத்தோடு வீடு வீடாகப் போயின. பிள்ளையைத் தொலைத்த தாயிடம், காலை இழந்த இளைஞனிடம், நிவாரணப் பொதியோடு சேர்த்து ஒரு ஞானஸ்நானத்தையும் கொண்டுபோனவர்கள் இருந்தார்கள் என்பது இங்கே ஊரறிந்த மனக்குறை. சைவ அமைப்புகள் கொதிப்பதில் நியாயம் இருக்கிறது. எவரையும் விசுவாசத்துக்குக் கட்டாயப்படுத்துவதையும் தகாத வழிகளால் இழுப்பதையும் கத்தோலிக்கத் திருச்சபை கண்டிப்பாகத் தடுக்கிறது. 1965 டிசெம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் மறைபரப்புப் பணி பற்றி வெளியிட்ட ஏட்டிலேயே அது எழுதப்பட்டிருக்கிறது. அதை நம் பங்குகளில் உரக்கச் சொல்ல வேண்டும். துயரத்தில் இருப்பவரை விலைக்கு வாங்குவது பாவம். அதற்கு வேறு பெயர் வைக்க முடியாது.

ஆச்சியைப் போன்றவர்களை எந்த இயக்கமும் கொண்டுவரவில்லை. மடு மாதா கோயிலுக்கு வருகிற சைவர்களையும் பௌத்தர்களையும் எந்தப் பிரசங்கமும் இழுக்கவில்லை. ஜேர்மனியில் கேவலார் என்ற சிற்றூரில் ஒவ்வோர் ஓகஸ்ட்டிலும் புலம்பெயர்ந்த தமிழர் ஆயிரக்கணக்கில் கூடும் மாதா யாத்திரையிலும் திருநீறு பூசியவர்கள் மெழுகுதிரி பிடித்து நிற்கிறார்கள். அவர்கள் மதம் மாற வரவில்லை, ஆனாலும் வருகிறார்கள். அவர்களைக் கணக்கில் எடுக்காமல் ஞானஸ்நானப் பதிவேட்டை மட்டும் புரட்டிப் பார்த்து மறைபரப்பின் நலத்தை அளக்கிறோம் என்பதுதான் என் முதல் மனத்தாங்கல்.

இந்தச் சந்தையடிக்கு இன்னொரு வரலாறு இருக்கிறது. 1966 ஒக்டோபர் 21. தீண்டாமையை எதிர்த்து யாழ்ப்பாணம் நோக்கி ஓர் ஊர்வலம் இங்கிருந்து புறப்பட்டது. தேத்தண்ணிக் கடைகளில் சம கிளாஸ், கோயில்களில் சம வாசல், கிணறுகளில் சம உரிமை என்பவை அந்தக் காலத்துக் கோரிக்கைகள். பொலிசார் சுன்னாகத்திலேயே தடியடி நடத்தினார்கள். ஊர்வலம் கலையவில்லை, யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தது. இரண்டு ஆண்டுகளுக்குள் இதே வீதியில் வடக்கே மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் வெடித்தது.

வத்திக்கான் சங்கம் நிறைவுற்று அப்போது ஒரு வருடம்கூட முழுதாக ஆகவில்லை. நவீன உலகின் மகிழ்ச்சியும் துயரமும் திருச்சபையுடையவை என்று உரோமில் அறிவித்தாயிற்று. சுன்னாகத்தில் தடியடி வாங்கியவர்களை அழைத்துச் சென்றது திருச்சபை அல்ல, பொதுவுடைமைக் கட்சியினர். அவர்களை நான் நன்றியோடு நினைக்கிறேன். சந்தைக்கு வெளியே வீதியோரம் நின்றபோது, நற்செய்தி நடக்கவேண்டிய பாதையில் அன்று நடந்தவர்கள் அவர்கள்தான் என்று பட்டது.

குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்கு அடியில் தேங்குகிற மழைநீர்தான் எல்லா உயிருக்கும். அதனால் கிணறு இங்கே தண்ணீர் எடுக்கும் இடம் மட்டும் அல்ல, யார் யாரோடு எப்படி வாழலாம் என்று ஊர் வகுத்துவைத்த சட்டமும் கிணற்றடியில்தான் இருந்தது. யார் கப்பியில் கை வைக்கலாம், யார் ஒதுங்கிநின்று பிறர் ஊற்ற ஏந்தவேண்டும் என்பதில் ஒரு முழுச் சமுதாயமும் அடங்கியிருந்தது.

அந்தக் கிணறுகளுக்கு 2014ஆம் ஆண்டளவில் வேறொரு துன்பம் வந்தது. சுன்னாகம் மின்நிலையத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. வாளியை இழுத்தால் மேலே படலம். தேத்தண்ணியில் எண்ணெய் வாடை. 2015இன் தொடக்கத்தில் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். நிபுணர் குழுக்கள் ஒன்றுக்கொன்று முரணாகப் பேசின. கடைசியில் 2019 ஏப்ரலில் நாட்டின் உயர் நீதிமன்றம், மின்நிலையத்தை நடத்திய நொதேர்ண் பவர் நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்தவேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கைத் தொடுத்தவர் ரவீந்திர குணவர்தன காரியவசம் என்ற சிங்களச் சூழலியலாளர். போரில் இரண்டாகப் பிளந்த நாட்டில், தான் தண்ணீர் அள்ளாத ஒரு தமிழூரின் கிணற்றுக்காக நீதிமன்றப் படியேறியிருக்கிறார் அவர்.

திருத்தந்தை பிரான்சிஸ் மடுவுக்கு வந்ததும் அதே 2015 ஜனவரியில். அதற்குச் சில மாதங்களில் ‘இறைவா உமக்கே புகழ்’ என்ற சுற்றுமடல் வந்தது. பாதுகாப்பான குடிநீர் மனிதரின் அடிப்படை உரிமை என்று அதில் எழுதியிருக்கிறார். எங்கள் மறையுரைகளில் அமேசன் காட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். சுன்னாகத்துக் கிணற்றை அந்த மடலோடு சேர்த்துச் சொல்லி நான் கேட்டதில்லை. மடல் இந்த ஊருக்கே எழுதப்பட்டது என்று எண்ணத்தக்க அளவுக்குப் பொருந்தியிருந்தும் கேட்டதில்லை.

மின்நிலையத்துக்கு அப்பால் ஓர் ஒழுங்கையில், வீட்டு வளவுக் கிணறு ஒன்றைப் பார்க்க வீட்டுக்காரர் கூட்டிப்போனார். இப்போது தண்ணீர் தெளிந்திருக்கிறது, ஆனால் குடிக்க மனம் வருவதில்லை, வாங்கித்தான் குடிக்கிறோம் என்றார். கிணற்றுக்கட்டில் நின்றபோது யோவான் எழுதிய நற்செய்தியின் நான்காம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. சமாரிய ஊர்க் கிணற்றடி, நடுப்பகல், தனியே வந்த பெண். யூதர் புழங்காத சாதி அவள். இயேசு அவளிடம் போதனையோடு தொடங்கவில்லை. தாகமாக இருக்கிறது, தண்ணீர் தா என்று கேட்டார். அவளுடைய வாளி, அவளுடைய கயிறு, அவளுடைய கை. தண்ணீர் கேட்டதுமே, தீட்டு என்று யுகயுகமாகக் கட்டிவைத்திருந்தது அங்கேயே உடைந்தது. வாழ்வுதரும் தண்ணீரைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் வருகிறது.

இந்தப் பயணத்தில் நான் கண்டு, கேட்டு, வாசித்த எல்லாம் அந்தக் கிணற்றடியில் வந்துதான் சேர்ந்தன. யாழ்ப்பாண மண்ணில் மறைபரப்பு உயிரோடு இருந்த காலங்கள் எல்லாம், அது இங்குள்ளவர்களிடம் கேட்டு வாங்கிய காலங்கள். கொடுக்க மட்டும் வந்தபோது தோற்றிருக்கிறது.

சுன்னாகத்துக்கு மேற்கே சிறிது தூரத்தில் கந்தரோடை. வயலுக்கும் பனைக்கும் நடுவே முருகைக்கல்லில் சிறு சிறு தூபிகள். போல் ஈ. பீரிஸ் 1917ஐ ஒட்டி இங்கே அகழ்ந்தார், 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் வந்து பெருங்கற்காலம் வரை கீழே போனார்கள். இங்கே வந்த எந்தச் சமயமும் வெறும் மண்ணில் வந்து இறங்கவில்லை என்பதற்குக் கந்தரோடை ஒன்றே போதும்.

சுன்னாகம் கல்விக்கும் அச்சுக்கும் பேர்பெற்ற ஊர். குமாரசாமிப் புலவர் பிறந்தது இங்கேதான் (1854–1922). இலக்கணம், உரை, வடமொழியிலிருந்து காளிதாசன் என்று அவர் கைபடாத துறை குறைவு. 1930இல் நா. பொன்னையா ‘ஈழகேசரி’யைத் தொடங்கியது இங்கே. 1958 வரை ஈழத்து நவீன இலக்கியத்தின் ஒரு தலைமுறையே அந்தப் பத்திரிகையில் எழுதப் பழகியது. அதன் திருமகள் அழுத்தகத்திலும் இவ்வூரின் மற்ற அச்சகங்களிலும் வந்த புத்தகங்களால் வாசித்துப் பழகியது வடக்கு. இப்படி ஏற்கெனவே வாசிக்கத் தெரிந்த, வாதாடத் தெரிந்த ஊர்களுக்குள் போகவேண்டியிருந்தது மறைபரப்பாளருக்கு.

அப்படி உள்நிலத்துக்குள் துணிந்து இறங்கியவர் சுவாமி ஞானப்பிரகாசர். 1875இல் மானிப்பாயில் சைவக் குடும்பத்தில் வைத்திலிங்கமாகப் பிறந்தவர். தந்தை இறந்தபின் தாய் அச்சுவேலித் தம்பிமுத்துப்பிள்ளை என்ற கத்தோலிக்கரை மணந்தார். வீட்டில் அச்சுக்கூடம். ரயில்வேயில் எழுதுவினைஞராக இருந்துவிட்டு அமலமரித் தியாகிகள் சபையில் சேர்ந்து 1901இல் குருவானார். நல்லூரைத் தளமாகக் கொண்டு, சைவக் கிராமங்களில் சிறுசிறு சபைகளை உண்டாக்கினார். சைக்கிளும் நடையும்தான் வாகனம். 1947இல் இறக்கும்வரை எழுதினார். யாழ்ப்பாண அரசர் வரலாறு, இலங்கைக் கத்தோலிக்க வரலாறு, எல்லாவற்றுக்கும் மேலாகத் தமிழ்ச் சொற்களின் வேர் தேடிய ஒப்பியல் அகராதி. அதை அவர் முடிக்கவில்லை, முடிக்கக்கூடிய வேலையும் அல்ல அது.

அவரிடம் எனக்குப் பெரும் பக்தி உண்டு. ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும். சைவக் கடவுளரை மறுத்து அவர் எழுதிய கண்டனச் சிறுநூல்களை இன்று யாரும் தேடுவதில்லை. அந்தக் காலத்துக்கு அது வழக்கம், எதிர்த்தரப்பும் சளைக்காமல் எழுதியது. இருந்தாலும் அந்த எழுத்தால் ஒரு மனம் ஆறியதாகத் தெரியவில்லை. சொற்களின் வேரைத் தேடி ஏடும் செப்பேடும் நாணயமும் கேட்டுச் சைவ வீடுகளின் படியேறிய ஞானப்பிரகாசரைத்தான் இன்றும் சைவ அறிஞர்கள் ‘நல்லூர்ச் சுவாமி’ என்று மரியாதையோடு நினைக்கிறார்கள். அவர் வாதத்தில் வென்ற இடங்கள் மறந்துபோயின. கேட்டு எழுதிக்கொண்ட இடங்கள் நிலைத்துவிட்டன. ஊர்காவற்றுறைக் கரம்பொனில் பிறந்த தனிநாயகம் அடிகள் 1952இல் ‘தமிழ்க் கல்ச்சர்’ இதழைத் தொடங்கி, 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கூட்டியதும் இதே வழியில்தான். ஒரு கத்தோலிக்கக் குரு தமிழை உலக மேடையில் ஏற்றினார் என்பதை விடப் பெரிய சாட்சியத்தை எந்தத் துண்டுப்பிரசுரம் தந்திருக்கிறது?

மருதனார்மடத்தில் ஓர் ஆச்சிரமம் இருக்கிறது, கிறிஸ்த சேவாச்சிரமம். புரட்டஸ்தாந்துக்காரர் தொடங்கியது, 1930களின் இறுதியில், சேவக் செல்வரத்தினத்தின் முயற்சியால். மரநிழல், எளிய கட்டிடங்கள். நிலத்தில் அமர்ந்து வழிபடுவதும், சேர்ந்து உழைத்து உண்பதும் இந்த மரபு. இதே வீதியில் பொன்னம்பலம் இராமநாதன் சைவப் பெண்பிள்ளைகளுக்கு 1913இல் கட்டிய இராமநாதன் கல்லூரி. மேற்கே கொஞ்சம் உள்ளே போனால் அமெரிக்க மிஷன் 1824இல் பெண்களுக்கு விடுதியோடு பள்ளி தொடங்கிய உடுவில். மதங்கள் ஒன்றையொன்று பார்த்துப் பார்த்து நல்லதைச் செய்திருக்கின்றன இங்கே. போட்டியாகவே இருக்கட்டும், லாபம் அடைந்தது பெண்பிள்ளைகள்.

கத்தோலிக்கருக்கும் பள்ளிக்கூடம்தான் பெரிய வழியாக இருந்தது. 1868 முதல் 1883 வரை யாழ்ப்பாண ஆயராக இருந்த பொன்ஜோன் ஆண்டகை பள்ளிகளுக்காகவே மல்லுக்கட்டியவர். 1876இல் ஆங்கிலத்தில் ‘கத்தோலிக் கார்டியன்’, தமிழில் ‘சத்தியவேத பாதுகாவலன்’ என்று பத்திரிகை நடத்தினார்கள். ‘பாதுகாவலன்’ இன்றும் வருகிறது. 1960, 61ஆம் ஆண்டுச் சட்டங்களால் அரசாங்கம் பெரும்பாலான பள்ளிகளைப் பொறுப்பேற்றது. நூறு வருடம் நம்பியிருந்த வழி ஒரே அடியில் மூடியது. அதற்கு ஈடாக வேறொரு வழி இன்னும் சரியாகத் திறக்கவில்லை என்பது என் எண்ணம்.

சுன்னாகத்துக்கு அருகே ஒரு பங்கு மண்டபத்தில் மறைக்கல்வி வகுப்பு முடிந்த நேரம் போய்ச் சேர்ந்தேன். வகுப்பு நடத்திய ரீச்சர் கரும்பலகையைத் துடைத்தபடி சொன்னா: “பிள்ளையள் வருகினம் சேர். உறுதிபூசுதல் மட்டும் வருகினம். பிறகு ஏ.எல். ரியூஷன். அதுக்குப் பிறகு கனடா, பிரான்ஸ். இஞ்சை நிண்டவையும் ஞாயிறு பூசையை யூரியூப்பிலை பாக்கினம்.” கொரோனாக் காலத்தில் பழகிய பழக்கம் அது. “அவையளைப் பேசிப் பிரியோசனமில்லை. அவை கேக்கிற கேள்விக்கு எங்களிட்டை மறுமொழி இல்லை, அதுதான் பிரச்சினை” என்றா.

என்ன கேட்கிறார்கள்?

“நவாலிக் கோயிலுக்குள்ளை நிண்ட சனத்தை ஏன் கடவுள் காப்பாத்தேல்லை எண்டு ஒரு பெடியன் கேட்டான். அவன்ரை அம்மம்மா அதிலைதான் செத்தவ.”

1995 ஜூலை 9. இடம்பெயர்ந்து வந்து நவாலி புனித பேதுரு பாவிலு ஆலயத்தில் தங்கியிருந்த மக்கள் மேல் விமானக் குண்டுகள் விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தப் பேரனுக்கு என்ன சொன்னீர்கள் என்று ரீச்சரிடம் கேட்டேன். “எனக்கும் தெரியாதடா எண்டன். ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தம். அடுத்த கிழமையும் அவன் வந்தவன்.”

புதிய நற்செய்தி அறிவிப்புக்கென்று 2010இல் வத்திக்கான் ஒரு தனி அவையையே நிறுவியது. 2013இல் ‘நற்செய்தியின் மகிழ்ச்சி’ வந்தது. திருச்சபை வளர்வது ஈர்ப்பினால், ஆள் சேர்ப்பதனால் அல்ல என்று அதில் பிரான்சிஸ் சொன்னார். அந்த ஏடுகள் எல்லாம் எதைச் சொல்ல முயல்கின்றனவோ அதை இந்த ரீச்சர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்திருக்கிறா. இணையத்தில் அழகான காணொளிகள் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பேரனை அடுத்த வாரமும் வரவைத்தது காணொளி இல்லை.

மறுநாள் ஏழாலை, குப்பிழான் வழியாக வசாவிளான் பக்கம் தோலகட்டிக்குப் போனேன். செபமாலைதாசர் மடம். யாழ்ப்பாணத்தவரான தோமஸ் அடிகள் 1928இல் தொடங்கியது. மறைபரப்பு நாடுகளில் சுதேசித் துறவிகள் வேண்டும், தியான மடங்கள் வேண்டும் என்று 1926இல் திருத்தந்தை 11ஆம் பத்திநாதர் கேட்டதற்கு, இரண்டு வருடத்துக்குள் யாழ்ப்பாணச் செம்மண்ணிலிருந்து வந்த மறுமொழி. இரவும் பகலும் செபம், மௌனம், மரக்கறி உணவு, தோட்ட வேலை. பிரசங்கம் செய்ய வெளியே போவதில்லை. ஆனால் இவர்கள் தயாரிக்கும் நெல்லிரசம் தெரியாத வீடு குடாநாட்டில் உண்டா? சைவ வீட்டிலும் காய்ச்சலுக்கு எழும்பிய பிள்ளைக்குத் தோலகட்டி நெல்லிரசம் கரைத்துக் கொடுக்கிறார்கள். போர் இவர்களையும் துரத்தியது. பலாலியைச் சுற்றிய பாதுகாப்பு வலயத்துக்குள் இந்த நிலம் அகப்பட்டு வருடக்கணக்காகப் பூட்டிக் கிடந்தது. திரும்பி வந்து மறுபடி நட்டிருக்கிறார்கள். சபையின் ஒரு சகோதரர் ஒரு குவளை நெல்லிரசம் தந்துவிட்டு, நான் குடித்து முடிக்கும்வரை ஒன்றும் பேசாமல் பக்கத்தில் நின்றார். சத்தம் பெருத்த நம் காலத்துக்கு இந்த மடத்தைவிட நவீனமான மறைபரப்பு நிலையம் வேறில்லை என்று துணிந்து சொல்வேன்.

மேற்கே பண்டத்தரிப்புக்கு அருகில் சில்லாலை. கதிரை மாதாவின் ஊர். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் துரத்திவிட்டார்கள். ஏறக்குறைய முப்பது வருடம் குருவே இல்லை. 1687இல் கோவாவிலிருந்து யோசேவ் வாஸ் வந்தார். தூத்துக்குடியில் தோணி ஏறி, கடலில் அலைக்கழிந்து, வயிற்றோட்டத்தில் குற்றுயிராகக் கரையேறினார். இரங்கியவர்கள் ஊற்றிய கஞ்சியில் பிழைத்தார். பிறகு பிச்சைக்காரக் கோலத்தில், கழுத்தில் செபமாலையைத் தெரியப் போட்டுக்கொண்டு வீடு வீடாகக் கையேந்தினார். செபமாலையைக் கண்டு யார் முகம் மாறுகிறதோ அவர் நம்மவர். சில்லாலை மக்கள் அவரை ஒளித்துவைத்தார்கள். ஒல்லாந்தர் சுற்றிவளைத்தபோதும் காட்டிக்கொடுக்கவில்லை. 1711இல் கண்டியில் இறந்தார். 2015 ஜனவரி 14 அன்று காலிமுகத்திடலில் புனிதராக உயர்த்தப்பட்டார். இலங்கைத் திருச்சபை மறுபடி எழும்பியது, சோறு கேட்டு நீட்டிய கையிலிருந்து.

அவருக்குத் துணையாக 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சிங்களமும் தமிழும் கற்று, இரண்டிலும் எழுதினார். அவருடைய ‘வியாகுலப் பிரசங்கம்’ இன்றும் தவக்காலத்தில் எங்கள் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் ராகம் இழுத்து வாசிக்கப்படுகிறது. என் தாத்தா வாசிக்கும்போது கோயிலுக்கு வெளியே சைவப் பெண்களும் நின்று அழுததைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். முந்நூறு வருடம் ஒரு எழுத்து மக்களின் வாயில் தங்குவதற்குக் காரணம், அது நம் ஒப்பாரியிடமிருந்து கேட்டு வாங்கிக்கொண்டதுதான்.

அதே வாங்கலை நவீன காலத்தில் செய்தவர் நீ. மரியசேவியர் அடிகள். சில்லாலைக்கு அருகே இளவாலையில் பிறந்தவர். 1965இல், வத்திக்கான் சங்கம் நிறைவுற்ற அதே வருடம், திருமறைக் கலாமன்றத்தைத் தொடங்கினார். கரையோர ஊர்களின் கூத்தை எடுத்தார், பாடுகளின் நாடகத்தைப் பெருமேடைக்குக் கொண்டுவந்தார், ‘தர்சனா’ போன்ற சொல்லில்லா நாடகங்களை ஐரோப்பா வரை கொண்டுபோனார். 1990இல், ஊர்கள் எரிந்துகொண்டிருந்தபோது, ‘கலைமுகம்’ இதழைத் தொடங்கினார். சைவக் கலைஞரும் அவர் மேடையில் கத்தோலிக்கரோடு சமமாக நின்றார்கள், சிங்களக் கலைஞரோடும் உறவு வைத்தார். 2021 ஏப்ரலில் அவர் மறைந்தபோது அழுதவர்களில் எத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றவர்கள் என்று யாரும் எண்ணவில்லை. எண்ணாததே சரி.

நம் சொந்த வீட்டைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. கரையோர ஊர்கள் சிலவற்றில் ஒரே விசுவாசத்தார் சமூகத்துக்கொரு கோயிலாகப் பிரிந்திருக்கிறோம். கல்யாணப் பேச்சு வந்தால் ஞானஸ்நானச் சான்றிதழுக்கு முன்னால் சாதி கேட்கப்படுகிறது. 1966இல் சுன்னாகம் சந்தையடியில் கேட்கப்பட்ட கேள்விக்கு நம் பங்குகள் இன்னும் முழுமையாக மறுமொழி சொல்லவில்லை. சமாரியப் பெண்ணிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டவரின் பெயரால் கூடுகிறவர்கள், ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைக்கத் தயங்கினால், எந்தக் காணொளியும் எந்த மாநாடும் நம்மைப் புதுப்பிக்காது.

வலிகாமத்துப் பங்குத்தந்தையரிடமும் பங்கு மன்றங்களிடமும் என் வேண்டுகோள் பெரியது அல்ல. வரும் தவக்காலத்தில் உங்கள் கோயில் வளவுக் கிணற்றுத் தண்ணீரையும் அயலில் உள்ள எல்லாக் கிணறுகளையும் பரிசோதிக்க ஏற்பாடு செய்யுங்கள், மதம் பார்க்காமல். முடிவைக் கோயில் வாசலில் எல்லாரும் வாசிக்க ஒட்டுங்கள். பாஸ்கா நாடகத்துக்குச் சைவப் பிள்ளைகளையும் நடிக்கக் கூப்பிடுங்கள், வியாகுலப் பிரசங்கத்தைப் பாடத் தெரிந்த முதியவர் இருக்கும்போதே இளையவருக்குப் பழக்குங்கள். இதை வாசிக்கும் கத்தோலிக்கரே, இந்த வாரம் நீங்கள் இதுவரை தண்ணீர் குடிக்காத ஒரு வீட்டுக்குப் போய், ஒரு செம்பு தண்ணீர் கேட்டு வாங்கிக் குடியுங்கள்.